கூட்டம் மட்டும் விசாரித்தேன்

படம் முடிந்ததும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது. ஏமாற்றியவர் இந்தப் படத்துக்காகப் பேச மறுத்துவிட்டார் என்பது ஒன்று. அவர்மீது வழக்கு எதுவும் இல்லை என்பது இன்னொன்று. அதற்குப் பிறகு யார் யாருக்கோ நன்றி சொல்லி எழுத்து ஓடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மகள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

என்னைக் கேட்டாளா, படத்தைக் கேட்டாளா என்று தெரியவில்லை. நான் தட்டில் மிச்சமிருந்த கடலைத் தோலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினேன்.

படம் வேறு ஏதோ நாட்டுக் கதை. ஒரு பெண் முகம் பார்க்காத ஒருவனைப் பல வருடம் ஆன்லைனில் காதலித்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால் அப்படி ஒருவன் உலகத்திலேயே இல்லை. அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருத்திதான் அத்தனை நாளும் ஆணாக எழுதியிருக்கிறாள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். மகளே அந்தப் படத்தைத் தேடி எடுத்து, "பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள். அவள் அப்பா உடனே எழுந்து, "எனக்குப் பண்ணையில வேல கெடக்குது" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

படத்தில் அந்தப் பெண்ணின் அம்மா ஒரே ஒரு இடத்தில் வருகிறாள். சமையலறையில் நின்று கோப்பையில் தேநீர் ஊற்றுகிறாள். மகள் நம்பினாள், அதனால் நாங்களும் நம்பினோம் என்கிறாள். அவ்வளவுதான். படம் எடுத்தவர்கள் அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா பாதியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அது என் புத்தியாகவும் இருக்கலாம். பாதியை மட்டும் சொல்லிப் பழகியவள் நான். என் மகள் தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது. அதை நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் மோகனூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆன்லைன் மோசடி பற்றிப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்ல எங்கள் பள்ளிக்குக் காவல்துறையிலிருந்து ஒருவர் வந்தார். முகம் தெரியாதவர்களை நம்பாதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். நன்றியுரை நான்தான் சொன்னேன். அந்த வாரம்கூட, முகமே பார்க்காத என் 'சம்பந்தியம்மா'விடம் போனில் பேசியிருந்தேன்.

எங்களை ஏமாற்றியவளை எங்களுக்கு முன்பே தெரியும். மகளோடு சேலத்தில் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். லீவு விட்டால் தன் ஊருக்குப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போவாள். வாய் ஓயாது. நான் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். விடுதியில் மகளை நான் போனில் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்களாம். "சாப்பிட்டியா சாமி? என்ன சாமி பண்றே? தலைக்கு எண்ணெ வெச்சியா சாமி?" என்று என் குரலிலேயே அவள் சொல்லும்போது என் வீட்டுக்காரர் புரையேறும் அளவுக்குச் சிரிப்பார்.

"ஏம்மா, உங்க ஊருல மட்டும் எல்லாருமே சாமியா? உங்க மாமனாரையும் சாமிங்கறீங்க, இவளையும் சாமிங்கறீங்க. அப்ப கோயில்ல இருக்குறவரு யாரு?" என்பாள்.

கடைசி வருட லீவில் அவள் என்னிடம், "கூட்டம்னா என்னம்மா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எல்லாரும் ஒரு கூட்டம். ஒரே கூட்டத்துப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. அதனால் எந்த வரன் வந்தாலும் பையன் பெயரைக் கேட்பதற்கு முன்பே எந்தக் கூட்டம் என்று கேட்டுவிடுவோம். சொல்லிக்கொடுப்பது என் தொழில். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டு அவளுக்கு விளக்கினேன். எங்கள் கூட்டம் ஆகாது. என் பிறந்த வீட்டுக் கூட்டமும் ஆகாது. இந்த நான்கு கூட்டத்தில் அமைந்தால் எங்களுக்கு ரொம்பத் திருப்தி என்று நான்குக்கும் அடியில் கோடு போட்டேன்.

"சரிம்மா, மாப்பிள்ளை எப்படி இருக்கணும்? அதையும் சொல்லுங்க" என்றாள்.

நானும் சொன்னேன். நன்றாகப் படித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் சரிதான். ஒரே அக்கா, அவளையும் கட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம். குடி கூடாது. எல்லாரிடமும் 'ங்க' போட்டுப் பேச வேண்டும். என் மகள், "அம்மா, நீ மாப்பிள்ளை பாக்கறியா, லோன் அப்ளிகேசன் எழுதறியா?" என்று கேலி செய்தாள். மூவரும் சிரித்தோம்.

சில வருடம் கழித்து நான் சொன்ன மாதிரியே ஒருவன் வந்தான். மகள் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் சேர்ந்திருந்த ஒரு இணையக் குழுவில் அவன் அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். அயர்லாந்தில் வேலை என்றான். அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை. மூன்றாவது வாரமே என்னிடம் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கூட்டமாம்?"

அவள் அவனைக் கேட்டாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நான் கோடு போட்ட நான்கில் இரண்டாவது. குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்பதும் சரியாக இருந்தது. உடனே என் அண்ணனைக் கூப்பிட்டு அந்தக் கூட்டத்தில் பெண் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா பண்ணலாம், அவிய நல்ல சனம்" என்றார். நாங்கள் விசாரித்தது அவ்வளவுதான். பையனின் கூட்டத்தை விசாரித்தேன். பையன் ஒருவன் இருக்கிறானா என்று விசாரிக்கவில்லை.

ஏன் நேரில் போய்ப் பார்க்கவில்லை என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். பெண் வீட்டுக்காரர்கள் முதலில் போவது எங்களிடம் வழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் வர வேண்டும். வருவதற்கு முன்பே நாங்கள் அவன் ஊருக்குப் போய் விசாரித்தால், பெண்ணுக்கு ஏதோ குறை, அதனால்தான் தேடிக்கொண்டு அலைகிறார்கள் என்று பேச்சு வரும். அப்பா இல்லை, அம்மா கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறார், தான் லீவில் வந்ததும் முறைப்படி வருவோம் என்று அவன் எழுதினான். முறைப்படி என்ற அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

அவனிடம் என்ன பிடித்தது என்று ஒருமுறை மகளைக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "உன்னாட்டவே பேசறாரும்மா. காலைல எந்திரிச்சதும் சாப்பிட்டியா சாமின்னுதான் கேக்கறாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் கூசுகிறது.

அவன் முகத்தைக் காட்டிப் பேசவே இல்லை. குடியிருப்பில் கேமரா கூடாது என்றான். பிறகு விபத்தில் முகத்தில் காயம் என்றான். குரல் பதிவு அனுப்புவான். நல்ல ஆண் குரல். அது யாருடைய குரல் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவன் அனுப்பியிருந்த போட்டோவில் இருந்தவன் எந்த ஊர்ப் பிள்ளை என்பதும் தெரியாது.

நான்காவது மாதம் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். தைராய்டு ஆபரேசனில் தொண்டை கட்டிவிட்டதாகச் சொன்ன கரகரப்பான குரல். "ஏனுங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா? உங்க மாடு கண்ணு போட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி என்கிறாரே என்று நான் உருகிப்போனேன். மாடு சினையாக இருப்பதை மகள் விடுதித் தோழியிடம் சொன்னதும், அந்தக் குரலுக்கு நானே எத்தனையோ முறை என் கையால் சோறு போட்டதும் அப்போது எனக்குத் தெரியாது.

எட்டாவது மாதம் மகள் நான்கு நாள் லீவில் ஊருக்கு வந்தாள். தோசை சாப்பிட்டுக்கொண்டே, "போதும்மா. ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டுங்கன்னேன். காட்ட மாட்டேங்கறாரு. பிளாக் பண்ணிட்டேன்" என்றாள்.

"அவசரப்படாத சாமி. நல்ல எடம்" என்றேன்.

"பண்ணிட்டேன்மா. முடிஞ்சுது. இன்னொரு தோச ஊத்து."

அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது. நான்தான் மனம் கேட்காமல் புரண்டுகொண்டிருந்தேன். மறுநாள் காலை அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில் சம்பந்தியம்மா கூப்பிட்டார். அழுதார். "பையன் ஒரு வாய் சோறு திங்கலீங்க சம்பந்தி. நீங்கதான் புத்தி சொல்லோணும்" என்றார். மகளின் போன் பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. புள்ளிகளை இணைத்து அவள் அதைத் திறக்கும்போது விரல் போகும் வழி எனக்குத் தெரியும். எடுத்தேன். திறந்தேன். அவன் மேல் போட்டிருந்த தடையை நீக்கினேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இப்ப அனுப்பச் சொல்லுங்க சம்பந்தி, போகும். நான் எடுத்தேன்னு மட்டும் தெரிய வேண்டாமுங்க" என்றேன்.

சாயங்காலம் மகளுக்கு மெசேஜ் வந்தது. அவளே என்னிடம் காட்டினாள். "பிளாக் பண்ணியும் வருது பாரு சாமி. நம்மளப் பிரிக்க முடியாது." அவள் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. "நான் பிளாக் பண்ணனேம்மா? பண்ணலையா?" என்றாள். "சரியா அமுக்கியிருக்க மாட்டே" என்றேன்.

அவள் மறுபடியும் அவனோடு பேசத் தொடங்கினாள். அதற்குப் பிறகு இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் போயிற்று. விசா, ஆபரேசன், கம்பெனி மாற்றம் என்று அவன் வருகை தள்ளிக்கொண்டே போனது. பள்ளியில் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர், "என்னங்க, உங்க மாப்பிள்ள பிளைட்டு இன்னும் ரன்வேலயேதான் நிக்குதுங்களா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் வழக்கத்தை மீறிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் அவர்களுடைய குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போனோம். கூட்டத்துப் பெரியவர் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பையனின் அப்பா பெயரைச் சொன்னோம்.

"எந்தத் தோட்டமுங்க?" என்றார்.

தோட்டத்தின் பெயரையும் சொன்னோம். பேனாவை மூடிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "எங்க கூட்டத்துல அப்பிடி ஒரு ஊடே இல்லீங்க. அப்பிடி ஒரு தோட்டமும் இல்லீங்க. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத ஊடு கிடையாதுங்க. நீங்க மொதல்லயே ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாமுங்களே" என்றார். பொங்கல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம்.

காரில் ஏறியதும் வீட்டுக்காரர் என் போனை வாங்கி, சம்பந்தியம்மாவின் நம்பரைப் பணம் அனுப்பும் செயலியில் போட்டுப் பார்த்தார். ஒரு ரூபாய் அனுப்புவதுபோலத் தட்டியதும் நம்பருக்கு உரியவர் பெயர் வந்தது. அந்தப் பெயரை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று இருவருக்கும் தோன்றியது. தோழியின் கல்யாணப் பத்திரிகையில், அவள் பெயருக்கு மேலே இருந்த அவளுடைய அப்பாவின் பெயர். கோழித் தீனிக்குப் பணம் அனுப்பும்போது வீட்டுக்காரர் தினமும் இப்படித்தான் பெயரைச் சரிபார்ப்பார். இரண்டரை வருடமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மகளை வரவழைத்து, மூன்று பேரும் ஆத்தூருக்குப் போனோம். ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் அவள் புகுந்த வீடு. இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் கத்தினார். மகள் கத்தவில்லை. "ஏன்டி?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"தெரியலடி. மொத நாள் வெளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல" என்றாள்.

"எட்டாவது மாசம் நான்தான் நிறுத்தினேன்ல? அப்பவே விட்டிருக்கலாம்ல?"

அப்போது அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். போனை யார் திறந்தது என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொல்லவில்லை. குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை? கேட்டால் அவளும் பேச ஆரம்பித்துவிடுவாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

காவல் நிலையத்துக்கும் போனோம். "பணம் எவ்வளவுங்க போச்சு?" என்றார் அங்கிருந்தவர். ஒன்றும் போகவில்லை என்றோம். "அப்பறம் என்னன்னுங்க எழுதறது? எழுதலாமுங்க, ஆனா உங்க பொண்ணு பேரும் வெளிய வருமுங்க" என்றார். வீட்டுக்காரர் எழுதுங்கள் என்றார். நான்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மகளின் பெயருக்காக என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். விசாரணை என்று வந்தால் தோழி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் நிஜமான காரணம்.

அன்றிலிருந்து மகள் தன்னைச் சாமி என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அந்த வார்த்தையக் கேட்டா அவ டைப் பண்றதாட்டத் தெரியுதும்மா" என்றாள். பெங்களூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறாள். ஒரு விஷயத்தைச் செய்ய மனதுக்குப் பிடிக்காவிட்டால், செய்யாமலேயே செய்துவிட்டதாக நாம் நம்பிவிடுவது உண்டு என்று அவர் சொன்னாராம். அதை ஒருநாள் போனில் என்னிடம் சொன்னாள். "நான் பிளாக்கே பண்ணலம்மா. பண்ணதா நானே நெனச்சுட்டிருக்கேன். எனக்கே அவன் வேணும்னு இருந்திருக்குது. தப்பு என்னோடதுதான்." நான் "உம்" கொட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எழுத்து ஓடி முடிந்து திரை மறுபடியும் கருப்பானதும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மாவ ஏன் ஒண்ணுமே கேக்கல? எத்தன வருசம், ஒருக்காகூட அவங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"தெரியல" என்றேன்.

"நீயும்தான் ஆத்தூர்ல ஒண்ணுமே கேக்கல. அப்பாதான் கத்தினாரு. நீ கம்முனு உக்காந்திருந்தே. என் பொண்ண ஏன்டி இப்பிடிப் பண்ணேன்னு நீ ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

இதையும் பேசி மழுப்பியிருக்கலாம். அதிர்ச்சியில் வாய் வரவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் திரையில் தேநீர் ஊற்றிய அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

"நீ பிளாக் பண்ணினே" என்றேன். "சரியாத்தான் பண்ணினே. நான்தான் எடுத்துவிட்டேன். நீ தலைக்குக் குளிச்சிட்டிருந்தப்ப."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். பிரிட்ஜைப் பார்த்தாள். அன்று போன் கிடந்த அதே பிரிட்ஜ்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன்ல சொன்னதே நான்தான்."

"ஆத்தூர்ல அவ சொல்லலையே."

"சொல்லல."

"நீயும் சொல்லல." சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூச்சுத்தான் வந்தது. "என்னைய நானே பைத்தியம்னு நெனச்சுட்டிருந்தேன். ரெண்டு பேரும் கம்முனு பாத்துட்டிருந்திருக்கீங்க. அவளாவது யாரோ. நீ என்னோட அம்மா."

"நல்ல எடம்னு நெனச்சுத்தான்..."

"எடம்," என்றாள். "ஆளே இல்லாத எடம்." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பண்ணையிலிருந்து வந்த அவள் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

மறுநாள் காலை நாமக்கல் பேருந்து நிலையத்தில் அவளைப் பஸ் ஏற்ற நானும் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பையை வாங்கப் போனேன், தரவில்லை. அந்தத் தோழி ஏன் செய்தாள், குரல் யாருடையது, போட்டோவில் இருந்தவன் யார் என்று எங்களிடம் மிச்சமிருக்கும் கேள்விகளெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. மகளுடைய கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விடை கிடைத்தது. அதுவும் பெற்ற தாயிடமிருந்து.

பெங்களூர் பஸ் வந்தது. டிக்கெட்டைப் பார்க்க அவள் போனை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். லேசாகத் திரும்பிக்கொண்டு, இடது கையைத் திரைக்கு மேல் குடைபோலக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்தாள். பழைய புள்ளிக் கோலத்தை மாற்றியிருக்கிறாள். இப்போது அவள் விரல் போகும் வழி எனக்குத் தெரியவில்லை.

"போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு..." என்றேன். அவள் வேண்டாமென்ற அந்த மிச்ச வார்த்தையைச் சொல்லவில்லை.

"ம்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.